புதிதாகப் பொருத்திய வாஷ் பேசினின் அடியில் கசிவு: மூன்று முறை சரிசெய்தும் நிற்கவில்லை

மாடிவீடு (திங்கள் காலை)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் சொந்த வீட்டின் மாடிக் குளியலறையில் இருந்த பழைய வாஷ் பேசினை எடுத்துவிட்டுப் புதிய பீங்கான் பேசின் பொருத்தி ஐந்து வாரங்கள் ஆகின்றன. பொருத்திய மூன்றாம் நாளே பேசினுக்கு அடியில் உள்ள மர அலமாரியின் தரைப்பலகை ஈரமாக இருப்பதைக் கண்டேன். பொருத்திய பிளம்பரை அழைத்தபோது, மேலே தண்ணீர் இறங்கும் வாயைச் சுற்றி ஒயிட் சிமெண்டை நன்றாகப் பூசி, ஒரு நாள் பயன்படுத்தாமல் இருக்கும்படி சொல்லிச் சென்றார். கசிவு குறையவில்லை, எனக்குத் தெரிந்தவரை அதிகமானது. இரண்டாம் முறை அடியில் உள்ள நட்டின் வெளிப்புறம் முழுவதும் சிலிகான் பூசினார். மூன்றாம் முறை நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பைப் பல சுற்றுகள் சுற்றி, பைப் ரெஞ்சால் தன் பலம் முழுவதையும் கொடுத்து முடுக்கினார். பேசின் விரிசல் விட்டுவிடுமோ என்று அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அச்சமாகவே இருந்தது.

இப்போதும் அடியில் வைக்கும் டம்ளர் காலையிலிருந்து மாலைக்குள் பாதிக்கு மேல் நிறைகிறது. பலகை உப்பிவிட்டது. கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களின் கூரையில் இன்னும் கறை விழவில்லை என்றாலும், அது எந்த நாளும் நேரலாம் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

பேசினில் மேற்பக்கம் ஓவர்ஃப்ளோ துளை உண்டு. அடியில் பித்தளையில் குரோமியம் பூசிய வேஸ்ட் கப்ளிங் (வடிகால் ஓட்டைக்குள் நிற்கும் குழாய்த்துண்டு), அதன்கீழ் பாட்டில் டிராப் (நாற்றம் ஏறாதபடி சிறிது தண்ணீரைத் தேக்கிவைக்கும் கிண்ணம்), அதிலிருந்து சுவருக்குள் செல்லும் குரோமியக் குழாய் ஆகியவை உள்ளன. பேசினிலேயே குறை இருக்கிறதா, பொருத்தியதில் குறையா என்று எப்படி அறிவது? மீண்டும் ஒரு புதிய பேசின் வாங்கும் நிலையில் நான் இல்லை.

ஆற்றங்கரை (திங்கள் மதியம்)

எங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தது. இரண்டு நிறங்களில் வரும் எபாக்சி பசையைச் சம அளவில் பிசைந்து, நட்டையும் கப்ளிங்கையும் சேர்த்துச் சுற்றி அப்பிவிட்டோம். ஒரு வருடமாகச் சொட்டு இல்லை. பேசினைக் கழற்றாமலேயே முடிந்துவிடும் வேலை இது என்பதால், முதலில் இதைச் செய்து பாருங்கள் அம்மா.

கருவிப்பெட்டி (திங்கள் இரவு)

ஆற்றங்கரை ஐயா நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எபாக்சியை இப்போது பூச வேண்டாம் என்று மாடிவீடு அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். எபாக்சி அப்பிய கப்ளிங்கைப் பின்னர் கழற்ற நேர்ந்தபோதெல்லாம் ஹேக்ஸா பிளேடால் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது. அப்படி அறுக்கும்போது பீங்கானில் சில்லு பெயர்ந்த பேசின்களும் உண்டு. ஈரமான இடத்தில் அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை. உங்கள் பிளம்பர் மூன்று முறை செய்ததும் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் எதையாவது பூசியதும் முடுக்கியதும்தான். முதல் சொட்டு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த பொருளை வாங்காதீர்கள்.

அதற்குச் செலவு ஏதும் இல்லை. அலமாரிக்குள் இருப்பவற்றை வெளியே எடுத்துவிட்டு, கப்ளிங், நட்டு, டிராப், சுவர்க்குழாய், அத்துடன் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கனெக்‌ஷன் ஹோஸ், ஆங்கிள் வால்வு ஆகிய அனைத்தையும் உலர்ந்த துணியால் ஈரமே இல்லாதபடி துடையுங்கள். ஒரு மணி நேரம் பேசினைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டுப் பாருங்கள். அப்போதே ஈரம் தெரிந்தால் குற்றம் வடிகாலில் இல்லை, அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஹோஸிலோ வால்விலோ இருக்கிறது. காய்ந்தே இருந்தால், ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ தாளை ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு நிறுத்துங்கள். தண்ணீர் உலோகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கி, எங்கோ ஒரு தாழ்ந்த முனையில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தைக் கசியும் இடமென்று எண்ணி ஏமாறுவது எளிது. தாள் அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கும், ஏனென்றால் மேலே உள்ள தாள்தான் முதலில் நனையும்.

பிறகு மூன்று சோதனைகளைத் தனித்தனியாகச் செய்யுங்கள். வடிகாலைத் திறந்தே வைத்து, குழாயை மெல்லிய ஓட்டத்தில் மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். அடுத்து, வடிகாலை மூடி, ஓவர்ஃப்ளோ துளைக்கு இரண்டு விரற்கடை கீழே வரை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, தண்ணீர் மட்டம் தானாக இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். கடைசியாக, ஓவர்ஃப்ளோ துளை வழியாகத் தண்ணீர் இறங்கும் வரை நிரப்பி, ஒரு நிமிடம் கழித்து மொத்தத்தையும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளைக் கலந்துகொண்டால் தாளில் படியும் கறை தெளிவாகத் தெரியும். எந்தச் சோதனையில், எந்தத் தாள், எவ்வளவு நேரத்தில் நனைந்தது என்று குறித்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். முடிந்தால் நட்டுப் பகுதியின் படத்தையும் இணையுங்கள்.

மாடிவீடு (புதன் காலை)

தாங்கள் சொன்னபடியே நேற்று என் தம்பியை உடன் வைத்துக்கொண்டு செய்தேன். ஒரு மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டபோது எல்லாத் தாள்களும் காய்ந்தே இருந்தன. ஆகவே ஹோஸிலும் வால்விலும் குறையில்லை.

மெல்லிய ஓட்டத்தில் மூன்று நிமிடம் விட்டபோது, கப்ளிங்கின் பெரிய நட்டுக்குக் கீழே சுற்றிய தாள் மட்டும் இரண்டாம் நிமிட முடிவில் ஒரு பக்கம் நனைந்தது. வடிகாலை மூடி நிரப்பி வைத்தபோது, பத்து நிமிடத்தில் தண்ணீர் மட்டம் சற்றே இறங்கியிருந்தது. அதே தாள் நன்றாக நனைந்தது. ஓவர்ஃப்ளோ துளையைத் தாண்டி நிரப்பியபோதுதான் நாங்கள் எதிர்பாராதது நடந்தது. துளைக்குள் தண்ணீர் போகிறது, ஆனால் வடிகாலுக்குள் வந்து சேரும் ஓசை கேட்கவில்லை. சிறிது நேரத்தில் நட்டைச் சுற்றி நான்கு புறமும் நீல நிறத்தில் சொட்டத் தொடங்கியது. மொத்தத்தையும் திறந்துவிட்டபோது, சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் இருந்த தாளும் நனைந்தது. பாட்டில் டிராப்பின் கீழ்க்கிண்ணத்தில் சுற்றிய தாள் எல்லாச் சோதனையிலும் காய்ந்தே இருந்தது.

படம் இணைத்துள்ளேன். நட்டுக்கும் பீங்கானுக்கும் இடையே ஒரு மெல்லிய கறுப்பு வாஷர் மட்டுமே தெரிகிறது. பாட்டில் டிராப் சற்றுச் சாய்ந்து நிற்பதும், சுவர்க்குழாய் டிராப்பிலிருந்து சுவரை நோக்கி ஏறிச் செல்வதும் இப்போதுதான் என் கண்ணில் பட்டன. அளந்து பார்த்ததில் சுவர்த்துளை டிராப்பின் வாயைவிட 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கருவிப்பெட்டி (புதன் இரவு)

இவ்வளவு தெளிவாகச் சோதித்து எழுதியதற்கு நன்றி அம்மா. பேசினை மாற்ற வேண்டியதில்லை. பொருத்தியதில்தான் குறை, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில்.

ஓவர்ஃப்ளோ உள்ள பேசினின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மூன்று முயற்சிகளும் ஏன் வீணாயின என்பது விளங்கிவிடும். மேலே உள்ள சிறு துளையில் நுழையும் தண்ணீர், பீங்கானின் உள்ளே உள்ள ஒரு மறைவான வழியாக இறங்கி, வடிகால் ஓட்டையின் சுவரில் வந்து திறக்கிறது. கப்ளிங் அந்த ஓட்டைக்குள் நிற்கிறது. அதன் பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ திறப்புகள் வெட்டப்பட்டிருக்கும். ஓவர்ஃப்ளோ தண்ணீர் அந்தத் திறப்புகள் வழியே கப்ளிங்கின் உள்ளே புகுந்து டிராப்புக்குப் போக வேண்டும். ஆக, கப்ளிங்குக்கும் பீங்கானுக்கும் இடையில் உள்ள வளையம் போன்ற இடைவெளி எப்போதும் தண்ணீர் புழங்கும் இடம். வடிகால் திறந்திருக்கும்போதுகூடக் கப்ளிங்கில் இறங்கும் தண்ணீரில் கொஞ்சம் அந்தத் திறப்புகள் வழியாக வெளியே தெறித்து அந்த இடைவெளிக்கு வரும். அந்தத் தண்ணீரை அலமாரிக்குள் விழாமல் தடுப்பது அடியில் நட்டுக்கு மேலே உள்ள ரப்பர் வாஷர் ஒன்றுதான். மேலே உள்ள வளையத்தின் அடைப்பு கெட்டால் மூடிவைத்த தண்ணீர் மெல்ல வடியுமே தவிர, அடிவாஷர் சரியாக இருக்கும்வரை வெளியே ஒரு சொட்டும் வராது.

இப்போது உங்கள் பேசினுக்கு வருவோம். ஓவர்ஃப்ளோவில் போன தண்ணீர் வடிகாலில் வந்து சேரும் ஓசை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே பூசிய ஒயிட் சிமெண்ட் இறங்கி, கப்ளிங்கின் பக்கத் திறப்புகளை அடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளே போக வழியில்லாத தண்ணீர் இடைவெளியில் தேங்கி, தன் எடையால் அடிவாஷரை அழுத்துகிறது. முதல் முயற்சிக்குப் பிறகு கசிவு அதிகமானதாக உங்களுக்குத் தோன்றியது தோற்றமன்று, உண்மையாகவே இருக்கலாம்.

அடிவாஷரோ, படத்தில் காண்பதுபோல், மெல்லிய தட்டை வாஷர். பேசினின் அடிப்பக்கம் மேற்பக்கம் போன்று மெருகிட்டு வழவழப்பாக இருக்காது. சூளையிலிருந்து வந்தபடியே சொரசொரப்பாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும். அந்த மேடுபள்ளத்தைத் தட்டை வாஷர் நிரப்பாது. இங்கே வர வேண்டியது ஒரு புறம் குறுகி, கூம்பு போல இருக்கும் தடித்த ரப்பர் வாஷர். குறுகிய புறம் மேல்நோக்கி ஓட்டைக்குள் நுழைய, நட்டு கீழிருந்து அழுத்தும்போது அது ஒரே நேரத்தில் பீங்கானையும் கப்ளிங்கின் திருகு மரையையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மரையைப் பிடிப்பது முக்கியம். கப்ளிங்கின் மரை முனைநோக்கிக் குறுகாத நேர் மரை. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் கூம்பு மரை ஒன்றையொன்று கவ்வுவதால் டேப்போ நூலோ அங்கே வேலை செய்கிறது. நேர் மரையில் நட்டை எவ்வளவு முடுக்கினாலும் மரையின் சுருள் வழியே தண்ணீர் சுற்றிச்சுற்றி இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் பிளம்பர் டேப்பைச் சுற்றியது தவறன்று, சுற்றிய இடம்தான் தவறு. நட்டு அமரும் இடத்தில் சுற்றியதால் பயனில்லை. வாஷர் அமரும் இடத்தில் சுற்றியிருக்க வேண்டும்.

சுவர்க்குழாய் தனிப் பிரச்சினை. வடிகால் குழாய் ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்காவது போகும் திசையில் தாழ வேண்டும். உங்களுடையது ஏறுகிறது. அதனால் குழாய்க்குள் தண்ணீர் நின்று, சோப்புக் கசடும் முடியும் படியும். டிராப்பும் இழுபட்டுச் சாய்ந்து நிற்கும். கப்ளிங்கின் வால், அதாவது பேசினுக்குக் கீழே நீண்டு நிற்கும் பகுதியின் நீளத்தையும், குழாய் சுவருக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

செங்கல்சூளை (வியாழன் காலை)

கட்டுமானப் பொருள்கள் விற்கும் கடையில் வேலை செய்பவன் என்ற முறையில் சிலிகானைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். கடையில் கேட்டதும் கொடுக்கப்படும் மலிவான சிலிகானில் பெரும்பாலானவை காயும்போது வினிகர் வாடை வீசும் வகையைச் சேர்ந்தவை. அதிலிருந்து வெளிப்படுவது அசிட்டிக் அமிலம். அது பித்தளையையும் செம்பையும் அரிக்கும், பளிங்குக் கல்லிலும் கறை விடும். பித்தளைக் கப்ளிங்குக்கு நியூட்ரல் வகை என்று குழலின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எந்த வகையானாலும் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது மேற்புறத்திலிருந்து உள்நோக்கி இறுகும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அரை மணி நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். பழைய சிலிகானின் மேல் புதிய சிலிகான் ஒட்டாது. எனவே முன்பு பூசியதைப் பிளேடால் சுரண்டி, பீங்கான் தெரியும்வரை எடுத்துவிடுவது அவசியம்.

அடுக்ககவாசி (வியாழன் மதியம்)

சற்று மாறுபட்ட ஐயம் ஒன்று. எங்கள் அடுக்ககத்தில் பேசினுக்கு அடியில் பாட்டில் டிராப்பே இல்லை. நெளிநெளியான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப் ஒன்று நேரே தரையில் உள்ள குழாய்க்குள் செல்கிறது. கட்டுநரின் ஆட்களைக் கேட்டால், தரையில் நஹானி டிராப் (தரை வடிகாலின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்) இருக்கும்போது மேலே இன்னொரு டிராப் தேவையில்லை என்கிறார்கள். அப்படியானால் மாடிவீடு அம்மாவும் டிராப்பை எடுத்துவிட்டு அந்த நெளிகுழாயைப் போட்டுவிட்டால், இந்த உயர வேறுபாடு தானாகவே சரியாகிவிடும் அல்லவா?

கருவிப்பெட்டி (வியாழன் மாலை)

உங்கள் கட்டுநரின் ஆட்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பேசினின் குழாய் நஹானி டிராப்பில் போய்ச் சேர்ந்தால், சாக்கடை வாயுவை அதில் தேங்கிநிற்கும் தண்ணீர் தடுத்துவிடும். ஆனாலும் பேசினுக்கும் அந்த டிராப்புக்கும் இடையிலுள்ள குழாயின் உட்சுவரில் படியும் சோப்புக் கசடின் நாற்றத்தைத் தடுக்க மேலே எதுவும் இருக்காது. கரப்பான்பூச்சி ஏறிவரும் வழியும் அதுவே. அந்தக் குழாய் நஹானியில் சேராமல் நேரே கழிவுக்குழாயில் சேர்வதாக இருந்தால், பேசினுக்கு அடியில் டிராப் இல்லாமல் விடவே கூடாது. மாடிவீடு அம்மாவின் வீட்டில் குழாய் சுவருக்குள் போவதால் அது எங்கே சேர்கிறது என்று நமக்குத் தெரியாது. டிராப் இருக்கட்டும்.

நெளிகுழாயைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஒவ்வொரு நெளிவிலும் கசடு தங்கும், தாங்கல் இல்லாத நடுப்பகுதி நாளடைவில் தொய்ந்து பள்ளமாகும், முனை குழாய்க்குள் சும்மா செருகப்பட்டு நிற்கும். உயர வேறுபாட்டைச் சரிசெய்யாமல் மறைப்பதற்கே அது பெரும்பாலும் பயன்படுகிறது.

மாடிவீடு (ஞாயிறு மாலை)

நேற்று முழுவதும் இந்த வேலையில் இருந்தோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனெனில் இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

முதலில் டிராப்பைக் கழற்றும்போது அடியில் வாளியை வைத்தோம். அதில் எப்போதும் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. பெரிய நட்டு அசையவே இல்லை. மேலிருந்து வடிகால் வாயின் குறுக்குக் கம்பியில் பிளையரின் இரு பிடிகளையும் செருகி நான் கப்ளிங் சுழலாமல் பிடித்துக்கொள்ள, தம்பி கீழிருந்து வாட்டர் பம்ப் பிளையரால் திருப்பினான். கப்ளிங் மேலே வந்தபோது, தாங்கள் சொன்னது அப்படியே இருந்தது. பக்கத் திறப்புகள் இரண்டில் ஒன்று ஒயிட் சிமெண்டால் முழுவதும் அடைபட்டிருந்தது. மற்றொன்றில் விரல்நகம் அளவுக்கே இடம் இருந்தது. தட்டை வாஷர் பல இடங்களில் கிழிந்து, நட்டின் முடுக்கத்தில் வெளியே பிதுங்கியிருந்தது. கூம்பு வாஷர் எங்கே என்று தேடியபோது, பேசின் வந்த அட்டைப்பெட்டியில் பிரிக்காத உறைக்குள் அது அப்படியே கிடைத்தது. அதைக் கண்டதும் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஐந்து வாரம் டம்ளர் வைத்து மாற்றியதும் பலகை உப்பியதும் அந்தச் சிறிய உறையைப் பிரிக்காததால்தான் என்று எண்ணும்போது மனம் ஆறவில்லை.

கப்ளிங்கின் குரோமியம் ரெஞ்சுப் பல் பட்டு உரிந்திருந்தாலும் மரை கெடவில்லை. சிமெண்டை மரக்குச்சியால் பெயர்த்து எடுத்தோம். ஆசிட் ஊற்றலாமா என்று தம்பி கேட்டான், பித்தளையை அது அரிக்கும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. பேசின் ஓட்டையின் மேலும் கீழும் பிளேடால் சுரண்டி, உலரவைத்தோம்.

கருவிப்பெட்டி ஐயா கேட்ட அளவுகள் இவை. கப்ளிங்கின் நீளம் 125 மி.மீ.; ஓட்டை இருக்கும் இடத்தில் பீங்கானின் தடிமன் 45 மி.மீ. சுவர்க்குழாய் உள்ளே 2 சென்டிமீட்டர்தான் நுழைந்திருந்தது. சுவரில் உள்ள குழாய் 50 மி.மீ. பி.வி.சி.; குரோமியக் குழாயைச் சுற்றிலும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் இடைவெளி. அதை ஒயிட் சிமெண்டால் அடைத்து மேலே வட்டத் தகட்டைத் தள்ளி மறைத்திருந்தார்கள். சிமெண்ட் உடைந்து உள்ளே விழுந்திருந்தது. இனி எப்படித் தொடர வேண்டும்?

கருவிப்பெட்டி (ஞாயிறு இரவு)

அளவுகள் நம்பிக்கை தருகின்றன. கப்ளிங்கின் வால் முனையில்தான் டிராப்பின் நட்டு ஏறி, அதன் வாஷர் அந்த முனையின் விளிம்பில் அழுந்துகிறது. ஆகவே வாலை 25 மி.மீ. குறைத்தால் டிராப் அதே அளவு மேலேறும். அதன் வாய் சுவர்த்துளையைவிட 5 மி.மீ. உயரத்தில் நிற்கும். சுவர்வரை செல்லும் குழாய் 30 சென்டிமீட்டர் நீளம் என்று கொண்டால் அந்தச் சரிவு ஏறக்குறைய போதுமானது. பீங்கான் 45 மி.மீ. போக மீதியிருக்கும் 55 மி.மீ.யில் கூம்பு வாஷரும் இரண்டு நட்டுகளும் தாராளமாக அமரும். அறுப்பதற்கு முன் ஒரு நட்டைக் கோட்டுக்கு மேலே ஏற்றிவைத்துவிட்டு ஹேக்ஸாவால் நேராக அறுங்கள். பிறகு அந்த நட்டைக் கழற்றும்போது வெட்டுண்ட மரையை அது ஒழுங்குபடுத்திக்கொண்டே வரும். முனையை அரத்தால் தட்டையாக ராவி விடுங்கள். கோணலான முனையில் வாஷர் ஒரு பக்கம் மட்டுமே அழுந்தும்.

பொருத்தும்போது, மேல் வளையத்தின் அடியில் சிலிகானை மெல்லிய ஒரே வளையமாக இடுங்கள். திறப்புகள் பக்கம் அது இறங்கவே கூடாது. ஒரு திறப்பு ஓவர்ஃப்ளோ வழியைப் பார்த்தபடி நிற்கட்டும். கூம்பு வாஷர் அமரும் இடத்து மரையில் மட்டும், நட்டு சுழலும் திசையிலேயே ஐந்தாறு சுற்று டேப் சுற்றி, அதன்மேல் விரலால் சிறிது சிலிகான் தடவி, வாஷரைத் தள்ளி ஏற்றுங்கள். அதன்கீழ் பிளாஸ்டிக் வளையம், பிறகு நட்டு. பிளாஸ்டிக் வளையம் இல்லாவிட்டால் நட்டு சுழலும்போது ரப்பரையும் சேர்த்து முறுக்கிவிடும். கையால் இறுகும்வரை முடுக்கி, கருவியால் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

சுவரில் 50-க்கு 32 ரப்பர் அடாப்டர் என்று கேட்டால் கிடைக்கும். அதை முதலில் பி.வி.சி. வாயில் செருகி, குழாயின் முனையில் சிறிது சோப்புத் தண்ணீர் தடவி, குறைந்தது 5 சென்டிமீட்டர் உள்ளே போகும்படி தள்ளுங்கள். இருக்கும் குழாய் நீளம் போதாவிட்டால் நீளமானது வாங்கிக்கொள்ளுங்கள். டிராப்பின் உள்குழாய் மேலும் கீழும் நகரும் வகை என்றால், உயரத்தைச் சரிசெய்வதற்காக டிராப்பின் உடலை அதிகம் கீழே இழுத்துவிடாதீர்கள். உள்குழாயின் நுனி வெளிவாய்க்குக் கீழே குறைந்தது 50 மி.மீ. ஆழத்தில் தண்ணீருக்குள் இருந்தால்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் வாட்டர் சீல் நிற்கும்.

ஆற்றங்கரை (திங்கள் காலை)

கருவிப்பெட்டி ஐயாவின் விளக்கத்தைப் படித்த பின் எங்கள் வீட்டுப் பேசினின் அடியில் விளக்கடித்துப் பார்த்தேன். எபாக்சியின் மேல் விளிம்பில் பச்சையாகப் படிந்திருக்கிறது. ஓவர்ஃப்ளோ வரை நிரப்பினால் அங்கே மெல்லிய ஈரமும் தெரிகிறது. நாங்கள் பேசினை நிரப்பிப் பயன்படுத்துவதே இல்லை என்பதால் இது வெளிப்படாமல் இருந்திருக்கிறது. நான் சொன்ன யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அம்மா. எங்களுடையதையும் அறுத்து எடுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது.

மாடிவீடு (வெள்ளி இரவு)

திங்களன்று பொருத்தி, செவ்வாய் முழுவதும் பேசினைத் தொடாமல் விட்டுவிட்டு, புதனன்று காலை மூன்று சோதனைகளையும் நீலம் கலந்து மீண்டும் செய்தோம். ஓவர்ஃப்ளோவில் போன தண்ணீர் வடிகாலுக்குள் விழும் ஓசை இந்த முறை நன்றாகக் கேட்டது. நட்டின் தாளும் சுவரின் தாளும் காய்ந்தே இருந்தன. அதுவரை குறையில்லாத டிராப்பின் கீழ்க்கிண்ணத்தில் மட்டும் ஒரு துளி நின்றது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியபோது அதன் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்திருக்கிறது. துடைத்து, கையாலேயே மீண்டும் இறுக்கியதும் நின்றுவிட்டது.

பொருத்திய பிளம்பர் நேற்று வேறு வேலையாக எங்கள் தெருவுக்கு வந்தபோது அழைத்துக் காட்டினேன். பிதுங்கிய தட்டை வாஷரையும், சிமெண்டு அடைத்த திறப்பைப் படமெடுத்து வைத்திருந்ததையும் பார்த்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, பெட்டியில் வரும் வாஷர் ஓட்டைக்குப் பெரிதாகத் தெரிவதால் தாம் எப்போதும் தட்டை வாஷரையே போடுவதாகச் சொன்னார். குறுகிய புறம் மேலே நுழைய வேண்டும் என்பதை அவருக்குக் கையில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். இதே பேசினை அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் பொருத்தியிருக்கிறாராம். ஞாயிறன்று போய்ப் பார்ப்பதாகச் சொல்லி, டேப் சுற்றும் இடத்தை மீண்டும் ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

அலமாரிக்குள் டிஷ்யூ தாளை இன்னும் எடுக்கவில்லை. ஒரு மாதம் அப்படியே விட்டுவைத்து, காய்ந்தே இருந்தால் உப்பிய பலகையை மாற்றச் சொல்லப்போகிறேன்.